தேவைப்படாத ஒரு ஃபேன்

மச்சான்,

உன் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் ஓம வாசனை வந்தது. செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சாதிக்கின் கடை. மேஜை மேல் உன் கறுப்புப் பெட்டி. தகடு விலகினால் சூடேறிப் பழகிய தூசி நாறும் என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். வந்ததோ ஓமம். பீடியை விட்ட பிறகு வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாயே, அதே ஓமம். மதர்போர்டுக்கு அடியிலும் ஒயர் கட்டுகளுக்கு இடையிலும் எறும்பு சேர்த்து வைத்ததுபோலக் கிடந்தது. சாதிக் ஒரு விதையை விரல் நுனியில் ஒற்றி எடுத்துப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த இது, கம்ப்யூட்டரா, நாட்டு மருந்துக் கடையா?"

"அதான் எங்க மச்சான் பொட்டிக்கு ஒரு நாளும் வாய்வுத் தொல்லை வரல" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு மூக்கை அந்தப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். ஏதோ பெரிய பழுதைக் கண்டுபிடிப்பதுபோல் நடித்தேன். நடிப்பில் நான் யாருக்குக் குறைந்தவன்?

மதர்போர்டு போய்விட்டது மச்சான். இனி அந்த வகை கிடைக்காதாம். நீ போய் ஒரு வருடம் ஆனதும் உன் பெட்டியும் உன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. எஜமான விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அதை ஒரு சகுனமாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சங்கதி உனக்குத் தெரியாததில்லை. என் தங்கச்சி சரசு, உன் பெண்டாட்டி, இன்னமும் ராத்திரி டூட்டிதான். சாயங்காலம் திருக்கழுக்குன்றத்தில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள், காலையில் திரும்புகிறாள், பகலில்தான் தூக்கம். உன் மகள் நித்யா நீ விட்ட இடத்திலிருந்து கல்யாண வீடியோ எடிட்டிங்கைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் பகலில்தான் வேலை. வீட்டில் ஏசி இருப்பது ஒரே அறையில். ஹாலுக்கு மேலே சிமெண்ட் ஷீட். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அங்கே கம்ப்யூட்டரை வைத்தால் அதன் மேல் தோசை ஊற்றலாம், கல்லு எண்ணெய் கேட்காது. ஆக அம்மா தூங்குவதும் அதே அறை, மகள் வேலை பார்ப்பதும் அதே அறை. நடுவில் உன் பெட்டி.

"புதுசா எது வாங்கினாலும் பவரு கீற மிஷினு சத்தம் போடத்தான் செய்யும். பொண்ணை மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல வுட்டு அங்க வேலைக்கு அனுப்பு. இல்லாங்காட்டி சரசு வேலைய எழுதிக் குடுத்துட்டு வூட்ல இருக்கட்டும்" என்று உன் பெரியப்பா மகன் தீர்ப்பு வழங்கினார். இருவரில் ஒருத்தி அந்த அறையை விட்டுப் போக வேண்டுமாம்.

நான் எழுந்து நின்றேன். முட்டுக்காட்டுப் படகுத்துறை முதல் கல்பாக்கம் வரை, கடற்கரையின் ஏகபோக ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தி, மைக் செட்டு மன்னன், சீரியல் லைட்டுகளின் சேனாதிபதி ஆகிய நான், "யாரும் எங்கயும் போகமாட்டாங்க. எங்க மச்சான் ஒரு தடவ செஞ்சு காட்டினத நான் மறுபடி செஞ்சு காட்டறேன்" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கம்ப்யூட்டரில் ஆன் பட்டன் தவிர வேறு எதுவும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அதனால் என்ன?

நீ முதன்முதலில் அமைதிக்காகப் போராடிய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். மாமல்லபுரத்தில் கடலோரம் வாடகைக்கு எடுத்த கடையை உப்புக் காற்று தின்று தீர்த்தது. உன் கம்ப்யூட்டரின் திருகுகளெல்லாம் துருவேறி, கடலில் மூழ்கிய கோயிலிலிருந்து எடுத்து வந்தவைபோல் ஆகிவிட்டன. கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்தாய். அன்றைக்கு ஆரம்பித்தது பேஜாரு. உன் பெட்டி ரெண்டர் போடும்போது, அதாவது வெட்டி ஒட்டிய துண்டுகளை எல்லாம் ஒரே படமாக வார்த்து எடுக்கும்போது, விமானம் கிளம்புவதுபோல் இரையும். சரசு எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

உன் வைத்தியங்கள் இருக்கின்றனவே! பெட்டியைச் சுற்றி இலவம் பஞ்சுத் தலையணைகளை அடுக்கினாய். கர்ப்பிணிக்குக்கூட அப்படி யாரும் முட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள். சத்தம் போனது உண்மை. கொஞ்ச நேரத்தில் பெட்டியும் மூச்சு முட்டி அணைந்துபோனது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறான், திரை கறுப்பு. திரும்ப ஆன் செய்கிறாய், தாலியை எடுக்கிறான், கறுப்பு. "மச்சான், இந்தப் பையனுக்குக் கல்யாண யோகமே இல்லடா" என்று சொல்லிவிட்டு நீ அறையை விட்டு வெளியே ஓடி வந்து சிரித்தாய். உள்ளே சிரித்தால் அவள் எழுந்துவிடுவாளாம். உன் வீட்டில் சிரிப்பதற்குக்கூடத் தெருவுக்குத்தான் வர வேண்டியிருந்தது. அழைப்பு மணியின் கிண்ணத்துக்குள் துணி. அவள் எழும்வரை குக்கர் கிடையாது, பானையில் சோறு. இத்தனை செய்தும் உன் பெட்டி மட்டும் அவளை எழுப்பிக்கொண்டே இருந்தது.

அப்புறம் வந்தது அந்த ஆடி மாதம். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. உன் வீட்டு வாசல் விளக்குக் கம்பத்தில் ஹாரன் ஸ்பீக்கரைக் கட்டியவன் வேறு யாருமில்லை, நானேதான். தொழில் வேறு, தங்கச்சி வேறு. என் ஹாரனின் பெருமை உனக்குத் தெரியும். திருக்கழுக்குன்ற மலைக்குத் தினமும் வந்துகொண்டிருந்த கழுகு வராமல் போனதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் நான் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொன்னதுதான் என்று நீயே ஊர் முழுக்கப் பரப்பி வைத்திருந்தாய்.

லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நீ ஓடி வந்தாய். "டேய் மச்சான், அவ இப்பதான் படுத்துகீறா! ஹாரனை அந்தாண்ட திருப்புடா!"

"ஆத்தாளே நேர்ல வந்து கேட்டாலும் திருப்பமாட்டேன். அந்தாண்ட திருப்பினா அந்தத் தெரு சண்டைக்கு வருது."

"உன் தங்கச்சிடா!"

"எழுந்துட்டாளா, போய் பாரு மொதல்ல."

இரண்டு பேரும் கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்த்தோம். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. சுவரில் காலண்டர் ஆடுகிறது. என் தங்கச்சி வாயைத் திறந்துகொண்டு, பாற்கடலில் பள்ளிகொண்டதுபோல் தூங்குகிறாள். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து உன் பெட்டியில் ரெண்டர் சூடு பிடித்தது. ஃபேன் வேகமெடுத்தது. என் ஹாரனுக்கு முன்னால் அந்தச் சத்தம் யானைக்கு முன்னால் கொசு. ஆனால் சரசு சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. கால் மட்டும் தரையில் செருப்பைத் தேடியது.

"யாருக்கு? எந்தப் பெட்டு?" என்றாள்.

உனக்கு ஓமம் மெல்வது நின்றுபோனது. அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டோம்: இவ்வளவு பெரிய ஹாரனுக்கு எழாதவள் இந்தச் சின்னச் சத்தத்துக்கு ஏன் எழுந்தாய் என்று.

"வெளிய கத்துறது ஊரு. அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? வார்டுல மிஷினு ஒரே மாதிரி ஓடிகினு இருந்தா நான் பாட்டுக்கு எழுதிகினு இருப்பேன். சத்தம் மாறிச்சின்னா எந்திரிச்சு ஓடணும். இத்தினி வருசமா காலு அப்டியே பழகிகீது" என்றாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தெருவுக்கு வந்து, என் ஹாரனுக்கு அடியில் நின்றுகொண்டு, நீ கத்தினாய். கத்தினால்தான் எனக்குக் கேட்கும். "மச்சான், நம்ம இத்தினி நாளா தப்பா தேடிகினு இருந்தோம்டா! சத்தம் கம்மியா இருந்தா போதாது. மாறவே கூடாது!" தலையில் ஆப்பிள் விழுந்த அந்த விஞ்ஞானிக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

அதன் பிறகு நீ சாமான் பொறுக்கிய அழகை மாப்பிள்ளை தேடும் தகப்பன்கள் வந்து பார்த்துக் கற்றிருக்க வேண்டும். என் கோடவுனில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாய். நான் ஒவ்வொரு ஃபேனாக ஓட்டிக் காட்ட வேண்டும். "இது கொசு." "இது கிழவன் இருமல்." "இது பரவால்ல, ஆனா மூக்கால பேசுது." சின்ன ஃபேன்களை எல்லாம் தள்ளிவிட்டு, சாப்பாட்டுத் தட்டுபோல் அகலமான ஒன்றை எடுத்தாய். சாம்பல் நிறம். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று வரும், அவசரப்பட வேண்டியதில்லை என்றாய். கரகரவென்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சுற்றவே சுற்றாத எஸ்எஸ்டி. பவர் சப்ளையைத் தேவைக்கு மேலேயே பெரிதாக வாங்கினாய்: "நாலு பேர் தூக்குற பல்லக்கை எட்டுப் பேர் தூக்கினா எவனுக்கும் மூச்சு வாங்காது." ஃபேனைத் தகட்டோடு திருகினால் தகடும் சேர்ந்து பாடும் என்று, பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாலு மூலைக்கும் ரப்பர் கொடுத்துக் கட்டினாய். சூடு ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி ஃபேனுக்குக் கட்டளை போட்டாய்.

கடைசியில் ஒரு சோதனை. விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரைப் பெட்டி மேல் வைத்தாய். தண்ணீரில் வட்டம் எழும்பக் கூடாதாம். கம்ப்யூட்டர் தலையில் தண்ணீர் வைத்த ஒரே மனிதன் இந்த ஏழு கண்டங்களிலும் நீதான். "சாஞ்சிதுன்னா அபிஷேகம்தான்" என்றாள் சரசு. சாயவில்லை. வட்டமும் எழவில்லை. அன்று பகல் முழுக்க உன் பெட்டி ம்ம்ம் என்று ஒரே சுருதியில் ஓடியது. அவள் சாயங்காலம்வரை அசையவில்லை. பயந்துபோய் நீயே போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாய்.

பல வருடங்கள் அப்படி ஓடின. பிறகு நீ ஒரு நாள் ரெண்டரைப் போட்டுவிட்டு, ஒரு காரியமும் இல்லாமல், என்னோடு ஒரு டீ குடிப்பதற்காக, நான் இருக்கும் மாமல்லபுரத்துக்கு பஸ் பிடிக்கக் கிளம்பினாய். பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். உன்னை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். உள்ளே உன் பெட்டி எவருடைய கல்யாணத்தையோ வார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர், "சாவு வூட்ல அது இன்னா ஓடிகினு கீது, ஆஃப் பண்ணுங்கப்பா" என்றார். நான் அறை வாசலில் குறுக்கே நின்றேன். நித்யா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா ஆரம்பிச்சது. முடியட்டும்" என்றாள். பறை ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம், நடுவில் அந்த ம்ம்ம். முடிந்தது மச்சான். உன்னைத் தூக்குவதற்கு முன்பே முடிந்தது. எந்த இடத்திலும் கறுப்பு வரவில்லை.

இப்போது சாதிக் கடைக்கு வருகிறேன்.

அவன் முதலில் காட்டியது ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு, நீலம், பச்சை என்று லைட்டுகள் ஓடிப் பிடித்து விளையாடின. "தம்பி, சீரியல் செட்டு வாடகைக்கு வுடறவன்கிட்டயே சீரியல் செட்டு விக்கறியா?" என்றேன். கண்ணாடி வேண்டாம், முகத்தில் சல்லடைபோல் துளை உள்ள பெட்டி வேண்டும், காற்று தாராளமாக வர வேண்டும் என்று என்னோடு வந்திருந்த நித்யா சொன்னாள்.

"அண்ணாத்த, ஒண்ணு பவரு, இல்ல அமைதி. புலியும் வேணும், உறுமவும் கூடாதுன்னா எப்டி?"

"வேட்டைக்குப் போற புலி உறுமாது நைனா. உறுமினா மான் ஓடிடும்."

சாதிக் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் லைட்டை அணைத்தான். எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அதற்குள் நித்யா என்னை ஓரமாக நகர்த்தினாள். "மாமா, நீ வசனம் பேசினது போதும், இனிமே நான் பேசறேன்." அவள் கேட்டது உச்சியில் இருக்கும் பிராசசர் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. சாதிக் ஏன் என்று கேட்டான். "மலையில கடைசிப் படிதான் மூச்சு வாங்க வைக்கும். அதுக்கு முந்தின படியிலயே சாமி தெரியுதுன்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றாள். நீ சொன்னதேதான். எழுத்து பிசகவில்லை. கிராபிக்ஸ் கார்டில் கனத்த அலுமினியத் தகடுகள் உள்ளதாகப் பார்த்து எடுத்தாள். அதை முழு மூச்சில் ஓட விடாமல் கொஞ்சம் கடிவாளம் போடலாம், வேகம் குறைவது கண்ணுக்கே தெரியாது, சூடும் இரைச்சலும் பாதியாகிவிடும் என்று சாதிக்குக்கே பாடம் எடுத்தாள். அவனும் விடவில்லை, "அப்போ இந்த ஹீட் சிங்க்கையும் பாரு தாயி" என்று உள்ளேயிருந்து சூட்டை இழுக்கும் உலோகக் கட்டை ஒன்றைச் செங்கல் கனத்தில் கொண்டு வந்தான். அதற்கு அப்புறம் இரண்டு பேரும் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

புதுப் பெட்டி வந்து ஓடியது. நான் காதை வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. டம்ளர் வைத்தோம், தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. ரெண்டர் உன் பழைய பெட்டியைப் போல மூன்று மடங்கு வேகம். உன் பெரியப்பா மகனுக்கு நானே போன் போட்டு, "உங்க தீர்ப்பை மேல் கோர்ட்டுல உடைச்சுட்டோம்" என்று சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க சரசு தூங்கவில்லை மச்சான்.

படுக்கிறாள், எழுகிறாள். "ஆன் பண்லயா?" என்கிறாள். "ஓடிகினுதான் கீதும்மா" என்கிறாள் நித்யா. மறுபடி படுக்கிறாள், மறுபடி எழுந்து உட்கார்கிறாள். கண் சிவந்து, டூட்டிக்குப் போகும் பஸ்ஸில் தலை தொங்கி, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டாள். "ஊசி போடுற கைண்ணா இது. இப்டியே போனா நானே வேலைய எழுதிக் குடுத்துடுவேன்" என்றாள். உன் பெரியப்பா மகன் சொன்னபோது பாய்ந்து எழுந்த நான், அவளே சொன்னபோது அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"சத்தம் எதுவுமே இல்லியே சரசு, அப்புறம் இன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். "வார்டுல மிஷினு சத்தம் நின்னுபோச்சுன்னா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியுமாண்ணா?"

ஊரையே அலற வைத்த வாய் இது. அன்று அது செங்கல்பட்டுக்கு முதல் பஸ் எப்போது என்று மட்டும் கேட்டது.

மறுநாள் விடியும் முன்பே முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு போய், சாதிக்கை எழுப்பிக் கடையைத் திறக்க வைத்தேன். சாதிக் கடையின் மூலையில் உன் பெட்டி இன்னும் திறந்தபடியே கிடந்தது. அந்தச் சாம்பல் ஃபேனைக் கழற்றச் சொன்னேன்; உன் சைக்கிள் டியூப் ரப்பரோடு அப்படியே. அவனையும் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

"அண்ணாத்த, புதுப் பொட்டி உள்ள சில்லுனு கீது. இந்த ஃபேனுக்கு வேலையே இல்ல. சுத்தமா தேவைப்படாது."

"தேவைப்படற சாமான் எல்லாம் வாங்கியாச்சு. தேவைப்படாத ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாட்டு."

"கம்ப்யூட்டர் தெரிஞ்ச எவனும் இத மாட்டமாட்டான்."

"அதுக்குதான் தெரியாதவன் வந்துகீறேன். மாட்டுடா."

மாட்டினான். நித்யா திரையைத் திறந்து, "எவ்ளோ ஸ்பீடு வைக்கிறது மாமா? அப்பா வெச்சிருந்தது பழைய போர்டோட போயிடுச்சே" என்றாள். அங்கேதான் மச்சான், இந்த உலகம் என் காதுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஹாரனுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து பாதி செவிடான காதுதான். ஆனால் கோடவுனில் நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டதை எல்லாம் அதுவும் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஏத்து. இன்னும். ஐயோ, கொசு ஆயிடுச்சு, இறக்கு. இறக்கு. இன்னும் கொஞ்சம். நிறுத்து."

ம்ம்ம்.

டூட்டி முடிந்து வந்த சரசு, குளித்த தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அறை வாசலில் வந்து நின்றாள். அவள் பெட்டியைப் பார்த்தாள், தரையில் கிடந்த ரப்பர் துணுக்கைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"வேலை முடிஞ்சிதுன்னா கதவச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.

நித்யா மட்டும் உள்ளே இருந்து வேலையைத் தொடர்ந்தாள். நானும் சாதிக்கும் ஹாலுக்கு வந்தோம். சாயங்காலம்வரை அவள் எழவில்லை. இந்த முறை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தது நான். திட்டு வாங்கியதும் நான்தான்.

இன்றைக்கும் அதே ஹாலில், சிமெண்ட் ஷீட்டின் அடியில் வெந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் பெட்டியிலிருந்து கூட்டி எடுத்த ஓமம் ஒரு காகிதப் பொட்டலமாக என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒவ்வொன்றாக வாயில் போட்டு மெல்கிறேன். பழைய விதைதான், தூசி வாசனைதான், ஆனால் காரம் அப்படியே இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நீ கட்டளை போட்ட வேகத்தில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. வரட்டும் எவனாவது, வந்து ஆஃப் பண்ணச் சொல்லிப் பார்க்கட்டும்.